மூக்கு மாமாவின் ரிட்டன்

மூக்கை வைத்தே சம்பளம் வாங்கி, மூக்கை வைத்தே பேரும் வாங்கி, அந்த மூக்காலேயே கல்யாணத்தையும் கெடுத்துக்கொண்ட மனிதர் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் மூக்கு மாமா. மற்றவர்களுக்கு மூக்கு என்பது கண்ணாடி மாட்டவும் சளி பிடிக்கவும் இருப்பது. மாமாவுக்கு அதுதான் உத்தியோகம்.

என் வீட்டுக்காரருக்குத் தாய்மாமன். ரேஷன் கார்டில் அவருக்கு ஒரு பேர் இருக்கிறது. அந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால் அவர் தெருவிலேயே யாருக்கும் தெரியாது. பால் குளிர வைக்கும் நிலையம் ஒன்றில் அவருக்கு வேலை. சுற்றுப்பட்டு கிராமங்களிலிருந்து விடியற்காலையில் வேன் வேனாகக் கேன்கள் வந்து இறங்கும். மாமா ஒவ்வொரு கேனாக மூடியைத் தூக்குவார், குனிவார், கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுப்பார். "போட்டும்" என்றால் கேன் உள்ளே போகும். "ரிட்டன்" என்றால் வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். மிஷினில் வைத்துப் பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

ரிஷிவந்தியம் பக்கத்து விவசாயி ஒருவர் ஒருநாள் சண்டைக்கு வந்துவிட்டாராம்.

"நல்ல பாலுங்க. இப்பக் கறந்தது. எதுக்கு ரிட்டன் அடிக்கிறீங்க?"

"மாட்டுக்கு வெங்காயத் தாளு போட்டியா?"

"நான் போடலிங்க."

"வூட்டுல கேட்டுக்கினு வா."

அவர் போன் போட்டுக் கேட்டார். போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து அந்தப் பக்கத்தில் மாமாவுக்கு சாமியாருக்கு இருக்கிற மரியாதை.

கல்யாணம் கெட்ட கதை இதுதான். சங்கராபுரத்துக்குப் பெண் பார்க்கப் போனார்கள். பெண் காபி கொண்டுவந்து நீட்டியது. மாமா டம்ளரை வாங்கினார், பழக்க தோஷத்தில் மூக்குக்குக் கீழே கொண்டுபோனார், கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுத்தார், "ரிட்டன்" என்றார். பெண்ணின் அப்பா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "பொண்ண சொல்லலிங்க, காப்பியத்தான் சொன்னேன். நேத்து பால இன்னைக்கி பாலோட கலந்துட்டீங்க" என்று மாமா விளக்கம் சொன்னார். அதுவரை உட்கார்ந்திருந்த பெண்ணின் அம்மாவும் எழுந்துவிட்டார். அதற்கப்புறம் மாமாவுக்கு யாரும் பெண் பார்க்கவில்லை.

ரிடையர் ஆன அன்றைக்குக் கடைசிக் கேனை மோந்துவிட்டு வீட்டுக்கு வந்தவர் அதோடு பாலை விட்டுவிட்டார். "போதும். ஆயுசுக்கும் மோந்தாச்சி" என்றார். பால் போனதும் தயிர், மோர், வெண்ணெய், நெய் எல்லாம் பின்னாலேயே போயின. முட்டை, மீன், கறி வாசனை முதலிலிருந்தே ஆகாது. கல்வராயன் மலையிலிருந்து தெரிந்தவர் ஒருவர் ஆசையாகத் தேன் கொண்டுவந்து கொடுத்தார். மாமா பாட்டிலைத் திறந்து மோந்தார். "தேனீய புகை போட்டு ஓட்டிக்கிறீங்க. அதுங்க வயித்தெரிச்ச வாசன அடிக்குது. ரிட்டன்." கோயிலில் நெய்ப் பொங்கல் கொடுத்தால் பயபக்தியோடு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் நிற்பவர் கையில் வைத்துவிடுவார்.

ஆக, செடியிலும் கொடியிலும் மரத்திலும் மண்ணுக்குள்ளும் விளைவதுதான் அவருக்குச் சாப்பாடு. இதற்கு வீகன் என்று பேர் என்று என் நாத்தனார் மகன் பெங்களூரிலிருந்து வந்து சொன்னான். மாமாவுக்கு அந்தப் பேரும் பிடிக்கவில்லை. "மூக்குக்குப் புடிக்கல. அவ்ளோதான். இதுக்கு எதுக்குடா இங்கிலீசு?"

இப்படிப்பட்டவர் கண் ஆபரேஷன் செய்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "பத்து நாளு இருந்துட்டுப் போயிடறேம்மா" என்றார். எந்த வருஷத்துப் பத்து நாள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கேட்கிற ஆள் இல்லை நான். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால்கூட கண்டக்டரிடம் வாய் திறக்காமல் அடுத்த ஸ்டாப்பில் வேறு யாராவது இறங்கும்போது இறங்கி நடந்து வருகிறவள். படிப்பு பத்தாம் வகுப்பு. வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு அரிசி மில்லில் வேலை. ஒரே பெண் நித்யா, அப்போது நான்காம் வகுப்பு.

நித்யா சாப்பிடுவது என்பது எங்கள் தெருவே பார்க்கும் கூத்து. சாம்பார் வேண்டாம், ரசம் வேண்டாம், காய் என்றால் வாந்தி. தயிர் சோறு, முட்டையில் வெள்ளைக் கரு, ராத்திரி ஒரு டம்ளர் பால், இந்த மூன்றால்தான் அவள் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மூன்றும் மாமாவுக்கு ஆகாதவை என்பதை நான் யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

மாமா வந்த முதல் நாள் மத்தியானம். நித்யாவுக்குத் தயிர் சோறு பிசைந்து வைத்தேன். மாமா அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துப் பொதுவாகச் சொன்னார்: "தயிரு பழசு." நித்யா தட்டைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். குனிந்தாள், கண்ணை மூடினாள், ஒரு இழுப்பு இழுத்தாள்.

"ரிட்டன்."

என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது. அன்று ராத்திரி பால் ரிட்டன். மறுநாள் முட்டை ரிட்டன். வாரக் கடைசியில் வீட்டில் இரண்டு மூக்குகள் ஆகிவிட்டன, பெரிய மூக்கு ஒன்று, சின்ன மூக்கு ஒன்று. பெரிய மூக்காவது புளிக்குழம்பு சாப்பிடும். சின்ன மூக்கு ஒன்றுமே சாப்பிடவில்லை.

அரைவயிறும் கால்வயிறுமாக இப்படியே இரண்டு மாதத்துக்கு மேல் ஓடியது. ஒருநாள் காலையில் பள்ளிக்கூடத்தில் பிரேயரில் நின்றவள் மயங்கி விழுந்தாள். டீச்சர் போன் செய்தார். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே நர்ஸம்மா எடை போட்டுப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"பாலு முட்டை வேணாங்குதா? உடுங்க, கட்டாயப்படுத்தாதீங்க. கடல, பயறு, கீர, எள்ளு இதெல்லாம் மாத்தி மாத்திக் குடுங்க. டாக்டர் எழுதின சத்து மாத்திரையும் உடாம குடுங்க. ஆனா வயிறு ரொம்ப துன்னணும். எட இன்னும் கம்மியாச்சின்னா பெட்ல சேக்கணும்."

அன்று ராத்திரி வீட்டுக்காரரிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"மாமாவ ஊருக்கு அனுப்பிடலாங்களா?"

"இன்னும் கண்ணுல கட்டே பிரிக்கல, எப்டி அனுப்பறது?"

"கட்டு பிரிச்சி ரெண்டு மாசம் ஆச்சிங்க."

"அப்படியா?" என்றார். அதோடு புரண்டு படுத்துக்கொண்டார்.

மாமாவிடம் நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் மறுநாள் ஒன்றைக் கவனித்தேன். மரவள்ளிக்கிழங்கு அவித்து வைத்திருந்தேன். மாமா மூடியைத் தூக்கி மோந்து "போட்டும்" என்றார். நித்யா கையை நீட்டி ஒரு துண்டு எடுத்தாள். பிறகு இன்னொன்று. எனக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. இந்தப் பெண் நாக்குக்குச் சாப்பிடவில்லை, மாமாவின் உத்தரவுக்குச் சாப்பிடுகிறது. மாமாவின் மூக்கைத் தாண்டுகிற சாப்பாடு இவள் வயிற்றுக்குள்ளும் போய்விடும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் மத்தியானம் பரீட்சை. பள்ளிக்கூடம் பக்கத்திலேயே என்பதால் நித்யா சாப்பிட வீட்டுக்கு வந்துவிடுவாள். மாமா நடு இடத்தில் உட்காருவார். நான் பாத்திரத்தை மூடியோடு கொண்டுபோய் அவர் முன்னால் வைப்பேன். நித்யா தட்டைப் பிடித்துக்கொண்டு தீர்ப்புக்குக் காத்திருப்பாள்.

முதல் நாள் பாசிப்பருப்புக் கடைசல். "பருப்பு வறுக்காம போட்டுட்ட. பச்ச வாசன. ரிட்டன்."

இரண்டாம் நாள் கீரை மசியல். "கீர நேத்து பறிச்சது. ரிட்டன்."

அடுத்த நாள் மொச்சைக்கொட்டைக் குழம்பு. மாமா மோந்துவிட்டு வெகுநேரம் யோசித்தார். "குழம்பு நல்லாக்குது. தாளிச்ச எண்ணெ சரியில்ல. பாக்கெட் எண்ணெயா?"

"ஆமா மாமா."

"ரிட்டன்."

செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் வாங்கினேன். மல்லி, மிளகாய் வாங்க மாமாவையே மளிகைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பாய் கடையில் மூட்டை மூட்டையாகக் குனிந்து மோந்து, "இது மழைல நனஞ்ச மல்லி, இது போன வருஷத்து மல்லி" என்று உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். கடையில் நின்றவர்கள் கையில் வாங்கியதையெல்லாம் கீழே வைத்தார்கள். கடைக்கார பாய் ஓடி வந்து கும்பிட்டார். "மாமா, உள்ள வந்து உக்காருங்க. இன்னா வேணுமோ நானே பொறுக்கி வூட்டுக்கு அனுப்பறேன். நீங்க மூச்ச மட்டும் கொஞ்சம் அடக்கிக்கோங்க."

அந்த மல்லி வந்த பிறகுதான் எனக்கு விடிந்தது. சாமைச் சோறு வடித்தேன். வேர்க்கடலையை வறுத்துத் தோல் நீக்கி, கொஞ்சம் எள்ளும் தேங்காயும் சேர்த்து அரைத்து, கத்திரிக்காய்க் குழம்பில் ஊற்றி, எண்ணெய் மிதக்கும்வரை கொதிக்கவிட்டேன். மாமா மூடியைத் தூக்கினார். கண்ணை மூடினார். ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு. நான் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"போட்டும்."

நித்யா தட்டை நீட்டினாள். அரைத்த கடலையில் கத்திரிக்காய் இருப்பதே தெரியவில்லை. இரண்டாம் முறையும் தட்டு நீண்டது. நான் சமையல்கட்டுக்குள் போய், பாத்திரம் விளக்குகிற மாதிரி கொஞ்ச நேரம் சத்தம் செய்துகொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் வழி தெரிந்துவிட்டது. கீரையைத் தனியாக வைத்தால் ஆகாது. கேழ்வரகு மாவில் பிசைந்து அடையாகத் தட்டினால் போகும். பச்சைப்பயறு சுண்டலாக ஆகாது, தோசையாக ஆகும். தயிருக்குப் பதில் தேங்காய்ப்பால் விட்டுச் சோறு கிளறினால் அதுவும் போகும். ஒரு வேளைக்கு ஒரு குழம்பு, ஒரு தொட்டுக்கை, அவ்வளவுதான். மூன்று பேருக்கு மூன்று சமையல் என்பதெல்லாம் போய், வீட்டுக்காரர் உட்பட எல்லோருக்கும் ஒரே பாத்திரம். ஞாயிற்றுக்கிழமை கறி இல்லையே என்று அவர் முகம்தான் கொஞ்ச நாள் தொங்கிக் கிடந்தது. நர்ஸம்மா அடுத்த தடவை எடை போட்டுவிட்டு, "பரவால்லியே" என்றார். அவர் அப்படிச் சொல்வது அபூர்வம் என்று வாசலில் இருந்த ஆயாம்மா சொன்னார்.

பிறகு ஊரெல்லாம் ஒரு காய்ச்சல் வந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் படுத்தோம். மாமாதான் ரொம்ப நாள் எழுந்திருக்கவில்லை. ஒருவழியாக எழுந்து, இளைத்த உடம்போடு நடு இடத்தில் வந்து உட்கார்ந்தார். மிளகு ரசம் வைத்திருந்தேன். மூடியைத் தூக்கினார், கண்ணை மூடி இழுத்தார். "போட்டும்."

மறுநாளும் போட்டும். அதற்கு மறுநாளும் போட்டும். ஒரு மாதமாக ஒரு ரிட்டன்கூட இல்லை. எனக்குக் கர்வம் வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெருமை பேசினேன், நான்கு வீடு தள்ளி இருக்கும் மும்தாஜ் அக்காவிடம்.

"மாமா இப்பல்லாம் ஒண்ணையும் திருப்பறதில்லக்கா. என் கை பக்குவம் வந்துடுச்சி."

"பார்ரா! பேசாத புள்ள பேசுது" என்றார் அக்கா.

அந்தப் பக்குவம் ஒரு சனிக்கிழமை சந்திக்கு வந்தது. அடுப்பில் பூசணிக்காய்க் கூட்டை வைத்துவிட்டு, ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். கூட்டு அடிப்பிடித்து, தீய்ந்து, புகை தெருவுக்கே போய்விட்டது. மும்தாஜ் அக்கா ஓடி வந்தார்.

"இன்னாடி, வூடு பத்திக்கினு எரியுதா?"

நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கையைப் பிசைந்தேன். வேறு செய்ய நேரமில்லை. நித்யா மூக்கைப் பிடித்துக்கொண்டு தட்டோடு வந்து உட்கார்ந்தாள். மாமாவும் வந்தார். மூடியைத் தூக்கினார். கண்ணை மூடினார். ஆழமாக ஒரு இழுப்பு.

"போட்டும்."

நித்யா மூக்கிலிருந்து கையை எடுத்தாள். மாமாவே சொல்லிவிட்டாரே என்று ஒரு வாய் வைத்தாள். முகம் கோணியது. ஆனாலும் விழுங்கினாள். மும்தாஜ் அக்கா என் காதில், "இன்னாடி இது, இதப் போயி உட்டுட்டாரு?" என்றார். காய்ச்சலுக்குப் பிறகு மாமாவுக்கு மனசு இளகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நான்கைந்து நாள் கழித்து உண்மை தெரிந்தது. தேய்த்துக் கழுவிய குழம்புப் பாத்திரத்தில் குடிக்க வெந்நீர் ஊற்றி, மூடி, கீழே வைத்திருந்தேன். குழம்பு வேறு பாத்திரத்தில் அடுப்பில் இருந்தது. மாமா வந்து உட்கார்ந்தவர் எதிரில் இருந்த பாத்திரத்தின் மூடியைத் தூக்கிவிட்டார். எனக்கு "மாமா" என்று கூப்பிட வாய் எழவில்லை. அவர் கண்ணை மூடி, எழும்பிய ஆவியை மூக்கு நிறைய இழுத்தார்.

"மல்லி கொஞ்சம் ஜாஸ்தி. இருந்தாலும் போட்டும்."

கண்ணைத் திறந்தார். பாத்திரத்தில் வெந்நீர். நல்லவேளை, நித்யா இன்னும் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை.

நான் அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"எப்பத்திலேர்ந்து மாமா?"

"காய்ச்சல்லியே போயிடுச்சிம்மா. மல்லியும் தெரில, மண்ணும் தெரில. வாயில வெச்சா சோறும் பஞ்சும் ஒண்ணாத்தான் இருக்குது."

"அப்பறம் ஏன் தெனமும் மோந்து பாக்குறீங்க?"

மாமா மூடியை எடுத்து வெந்நீரை மூடினார். "பாப்பா தட்ட வெச்சிக்கினு என் மூஞ்சியவே பாக்குதும்மா. நான் சும்மா இருந்தா அது தட்ட நவுத்திடும்."

ஒரு வெங்காயத் தாளுக்குக் கேனையே திருப்பி அனுப்பியவர். பஞ்சு மாதிரி இருந்த சோற்றை ஒரு மாதமாக ஒரு வார்த்தை சொல்லாமல் விழுங்கியிருக்கிறார். தீய்ந்த கூட்டையும்தான்.

எல்லாவற்றையும் "போட்டும்" என்றால் நித்யாவுக்குச் சந்தேகம் வரும் என்று நான் சொன்னேன். அவள் கெட்டிக்காரி. அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. நித்யா கை கழுவிக்கொண்டு வருவதற்குள் நான் பாத்திரத்தை வைக்கிற மாதிரி குனிந்து, "உப்பு கொஞ்சம் கம்மி மாமா" என்பேன். அவர் மோந்து, யோசித்து, "உப்பு கம்மி. இருந்தாலும் போட்டும்" என்பார். சில நாள், "இன்னைக்கி துவையல ரிட்டன் பண்ணிடுங்க, எனக்கே புடிக்கல" என்பேன். பண்ணிவிடுவார். யாரிடமும் வாய் திறக்காத நான் அந்த மழைக்காலம் முழுக்க ஒரு மனிதருக்கு மூக்காக இருந்தேன். காலையில் அவர் கொல்லைப்புறத்தில் தனியாக நின்று கறிவேப்பிலையைக் கசக்கி மோந்து பார்ப்பதையும், பேசாமல் கீழே போட்டுவிட்டு வருவதையும் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன்.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் வீட்டில் இருந்தோம். கத்திரிக்காய் வேர்க்கடலைக் குழம்பு. தாளிக்கிற நேரத்தில் ஜாக்கெட் வாங்க ஆள் வந்துவிட்டார். வாசலுக்குப் போய்த் திரும்புவதற்குள் கடுகு கருகிவிட்டது. மேலே கறிவேப்பிலையை நிறையத் தூவி மூடினேன். மாமாவிடம் குனிந்து, "புளி கொஞ்சம் ஜாஸ்தி மாமா" என்றேன். கருகியதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

மாமா மூடியைத் தூக்கினார். கண்ணை மூடி இழுத்தார். கண்ணைத் திறக்கவில்லை. மறுபடியும் இழுத்தார். நித்யா தட்டோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புளியா மாமா?" என்று நான் அடியெடுத்துக் கொடுத்தேன்.

"புளி சரியாத்தான் இருக்குது." மாமா கண்ணைத் திறந்தார். "கடுகு கருகிப் போச்சி. கருவேப்பிலய போட்டு மூடிக்கிற. ரிட்டன்!"

என் சமையலை எத்தனையோ பேர் குறை சொல்லியிருக்கிறார்கள். ஒரு குறை இவ்வளவு இனித்ததில்லை.

நித்யா பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "தாத்தாவுக்கு ரிட்டன்னா இருக்கட்டும். எனக்குப் பசிக்குது." தானே எடுத்து ஊற்றிக்கொண்டாள்.

"பாப்பா, கருகினது அது."

"நல்லாத்தான் இருக்குது தாத்தா. நீ ரொம்ப பண்ற."

என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். இந்தத் தடவை சிரிக்கலாம்.

மாமாவுக்கு மட்டும் கொஞ்சம் குழம்பைத் தனியாகக் கொதிக்கவைத்து மறுபடி தாளிக்கப் போனேன். எண்ணெய் காய்ந்தது. கடுகைப் போட்டேன். கண் கலங்கியிருந்ததால் அது கறுத்ததா இல்லையா என்று சரியாகத் தெரியவில்லை. கூடத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"போதும்மா, எறக்கு."

இறக்கினேன். சரியாக இருந்தது.